இரண்டாம் புதன்

மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை
மின்சாரம் இருக்காது என்று
செய்தித்தாளின் ஓரத்தில் வரும் பொடி எழுத்தை
சந்தோஷமாகப் படிப்பவள்
இந்த ஜில்லாவில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

காதுச் சோதனைக்கு அமைதி வேண்டும்.
சோமனூருக்கு மேற்கே இந்த ஊருக்கு அமைதி
மாதம் ஒருமுறை
துணைமின் நிலையத்திலிருந்து வருகிறது.

ஒன்பது ஐந்து.
நாடா பாதி வழியில் நிற்க
நானூறு தறிகளும் ஒரே அடியில் நின்றன.
எதிர்வீட்டுத் தொட்டிலில் அதுவரை தூங்கிய பிள்ளை
திடுக்கிட்டு எழுந்து அழுதது.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு அரிசி வைக்கும் அறை எங்களுடையது.
மூட்டைகள் எதிரொலியைத் தின்றுவிடும்,
ஆராய்ச்சிக்கு அரசாங்கம் அறியாமல் கொடுத்த மானியம்.
ஹெட்போனை மாட்டிவிட்டுச் சொல்வேன்:
எத்தனை சின்ன சத்தமானாலும் கேட்டதும் கையைத் தூக்கோணும்.

தருணிகா, வயது பதினொன்று.
சத்தத்தைக் கேட்கவில்லை, என் கட்டைவிரலைப் பார்த்தாள்.
பொத்தான் அமுங்கும்போதெல்லாம் கை எழுந்தது.
சிரிப்பை அடக்கிக்கொண்டு
நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.
அதற்கப்புறம் வரைபடம்
நாலாயிரம் ஹெர்ட்ஸ் வரை நேராக நடந்து
அங்கே ஒரு பள்ளத்தில் விழுந்தது.

சொல்வதெழுதுதலில் அவள்
விசையை விதை என்று எழுதியிருக்கிறாள்,
பாசத்தைப் பாதம் என்று.
கவனமில்லை, பெற்றோர் கையொப்பம் தேவை
என்கிறது சிவப்பு மை.

அடுத்தவன் லோகித். ஒன்பது வயது.
நான் பொத்தானைத் தொடும் முன்பே கை தூக்கினான்.
இறக்கச் சொன்னேன். மறுபடி தூக்கினான்.
தவறான பதில், தவறான பதில் என்று
இரண்டு முறை குறித்தபின் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டேன்,
என்னடா கேக்குது?

தறிங்.

கரண்ட் இல்லையே தம்பி, எல்லாம் நின்னுபோச்சே.

வெளியதானுங் நின்னுபோச்சு.

பதினாறு கேள்விகள் உள்ள எங்கள் படிவத்தில்
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன், எழுத்து சாய்ந்து போயிற்று.
அடுத்த மாதம் பதினேழாம் கேள்வி சேர்ந்தது:
தறி நின்ற பிறகும் உனக்குத் தறி கேட்கிறதா?
இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளில்
நாற்பத்தொன்று பேர்
எல்லோருக்கும் அப்படித்தானே என்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.

தருணிகாவின் அம்மா கலாமணி
தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்,
பாவில் அறுந்த இழையைத் தேடுகிறவள்போல.
இது திரும்பி வருமுங்களா?

போனது வராது. மேலே போகாமல் பார்க்கலாம்.
கட்டிலைப் பட்டறைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள்,
தறிக்கு அடியில் ரப்பர் கட்டை,
பட்டறைக்குள் போனால் காதடைப்பான்.
சொல்லச் சொல்ல அவள் கண்
அந்த ஒற்றை அறையை அளந்துவிட்டுத் திரும்பியது.

முடிவு எப்ப வருமுங்?
மூன்று வருஷம்.
அப்ப இவ ஒன்பதாவது முடிச்சிருப்பாளே என்றாள்.
என்னைக் கேட்கவில்லை, கணக்குப் பார்த்தாள்.

மறுசோதனைக்கு நான் போனது ஒரு வெள்ளிக்கிழமை,
கரண்ட் இருந்த நாள்.
கலாமணி தன் நாலு தறியையும் தானே நிறுத்தினாள்.
அரைமணிக்கு எத்தனை மீட்டர் கூலி போகும் என்று
அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் பங்காளி வீட்டில் எட்டு,
தெற்கே ஆறு,
சந்தில் எண்ணவே முடியவில்லை.
அளவுமானி எழுபத்தொன்றுக்குக் கீழே இறங்கவில்லை.
தருணிகா ஹெட்போனோடு காத்திருந்தாள்,
கை மடியில்.

சோதனை நடைபெறவில்லை, காரணம்: பின்னணி ஓசை
என்று எழுதி மூடினேன்.

கலாமணி முதல் தறியின் சுவிட்சில் கை வைத்தபடி
ஏதோ சொன்னாள். கேட்கவில்லை.
பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தேன்.

புதன்கிழமை வாங்.